வாழப்பாடிப் பக்கம் 4 மாடு: பாலைச் சங்கத்திலேயே ஊற்றுவதா, தனியார் வேனுக்குப் போவதா?

வாழப்பாடி_கட்டுத்தரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் 4 உருப்படி இருக்கின்றன, எல்லாம் ஜெர்சி கலப்பு. மூன்று கறவையில் இருக்கின்றன, ஒன்று 7 மாதச் சினை என்பதால் பால் வற்ற விட்டாயிற்று. காலையில் 12 லிட்டர், மாலையில் 8 லிட்டர் வருகிறது. என் மாமியார் காலத்து உறுப்பினர் எண்ணிலேயே 11 வருடமாக ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றி வருகிறோம்.

பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய் என்று செய்தியில் படிக்கிறோம். எனக்குக் கையில் வருவது 31 சொச்சம். கேட்டால் ஃபேட் (கொழுப்பு) 3.4, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான சத்து) 7.7, இதற்கு இவ்வளவுதான் என்கிறார்கள். பாலைச் சோதிக்கும் மெஷின் சங்கத்துக்காரர் பக்கம் திரும்பியிருக்கிறது, எண் எங்களுக்குத் தெரியாது, நோட்டில் எழுதியதைத்தான் பார்க்க வேண்டும். பட்டுவாடா முன்பு 10 நாளைக்கு ஒருமுறை வந்தது. இப்போது மூன்று வாரமாக வரவில்லை. தீவன மூட்டை 1,500 ரூபாயை ஒட்டி நிற்கிறது, கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு தனியார் வேன் எங்கள் தெருவுக்கே வருகிறது. ஃபேட் எல்லாம் பார்க்க மாட்டோம், லிட்டருக்கு 34 ரூபாய், வாரா வாரம் சனிக்கிழமை கையில் பணம், வேண்டுமென்றால் 40,000 முன்பணமும் தருகிறோம் என்கிறார்கள். தெருவில் ஏற்கெனவே ஐந்து வீடு மாறிவிட்டது. வீட்டுக்காரர் மாறிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்பது சின்னப் பணம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடப்பாடி_மணல்மேடு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா. வேனுக்கு மாறுங்கள். சங்கமெல்லாம் அந்தக் காலம். பணம் கொடுக்காத இடத்தில் பாலை ஊற்றிவிட்டு மாட்டுக்கு என்ன போடுவீர்கள்?

பழைய_செயலாளர்:

அம்மா, நான் ஓமலூர் பக்கம் ஒரு பால் சங்கத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன். முதலில் பால் பரிசோதகர், அப்புறம் செயலாளர். மாறுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் பால் உண்மையிலேயே 3.4தானா? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

அரசு அறிவிக்கும் விலை, குறிப்பிட்ட அளவு கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் உள்ள பாலுக்கு. அதாவது கொழுப்பு ஒரு கணக்கு, கொழுப்பைத் தவிர்த்த மற்ற சத்துகள், புரதம், லாக்டோஸ், தாது எல்லாம் சேர்த்து இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைந்தாலும் விலை இறங்கும். 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதல் விலை 28இல் இருந்து 32 ஆனது, 2022 நவம்பரில் 35, 2023 டிசம்பர் 18 முதல் ஊக்கத்தொகை 3 ரூபாயோடு 38. ஒவ்வொரு முறையும் ஊரில் சண்டை இந்த இடத்தில்தான் வரும். பேப்பரில் 38 என்று போட்டிருக்கிறதே, என் கையில் ஏன் 31 என்று. கேட்பது நியாயம். அதைக் காட்டி விளங்க வைக்க வேண்டியது சங்கத்தின் கடமை.

எங்கள் காலத்தில் கொழுப்பைப் பார்க்கக் கெர்பர் முறை. பிப்பெட்டில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், கண்ணாடிக் குழாயில் ஊற்றி ரப்பர் மூடி போட்டுக் குலுக்குவோம். குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும், துணி சுற்றித்தான் பிடிப்போம். பிறகு மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே தேன் நிறத்தில் கொழுப்பு ஒரு கோடாகத் தனியாக நிற்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றியவர்களிடம் காட்டுவேன். என் வேட்டிகளில் அமிலம் பட்டு ஓட்டை விழாத வேட்டியே கிடையாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, இன்றைக்குக் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டு போவார். இன்றைய மெஷின் ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்கிறது, வேகம் நல்லதுதான். அந்த எண்ணை மறைத்து வைத்தால் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் பயன் இல்லை. தினமும் கழுவி, வாரம் ஒருமுறை சுத்தம் செய்யும் கரைசல் ஓட்டி, அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அதுவும் தப்பாகத்தான் காட்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று. எண் எனக்குத் தெரியும்படி மெஷினைத் திருப்பி வையுங்கள், ஊற்றியவுடன் சீட்டு கொடுங்கள், சந்தேகம் என்றால் என் பாலை என் கண்முன்னே இரண்டாவது முறை போட்டுப் பாருங்கள். உறுப்பினராக உங்களுக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

வாழப்பாடி_கட்டுத்தரை:

ஐயா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். என் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பது கிடையாது. ஆனால் சங்கத்துக்காரர் பால்மானியை (பாலின் அடர்த்தி பார்க்கும் மிதவை) விட்டுப் பார்த்துவிட்டு "தண்ணி இருக்குதும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பழைய_செயலாளர்:

கறந்த சூட்டோடு கொண்டு போனீர்களா? சூடான பாலில் பால்மானி ஆழமாக இறங்கும், எண் குறைவாகக் காட்டும், தண்ணீர் கலந்த பால் மாதிரியே இருக்கும். நுரைக்குள் காற்று இருந்தாலும் அப்படித்தான். அதற்குத்தான் வெப்பநிலையைப் பார்த்துத் திருத்தம் போட வேண்டும் என்பது. தெர்மாமீட்டரைத் தொடாமலே "தண்ணி" என்று சொன்னவர் வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்ணை அப்படிச் சொல்வது பெரிய தப்பு. நான் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்க வைத்திருப்பேன்.

சேலம்_அஸ்தம்பட்டி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பாக்கெட் வாங்குகிறவர்கள். இந்தப் பக்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது, உங்களுக்கு 31தான் வருகிறது என்றால் நடுவில் பணம் எங்கே போகிறது? நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழைய_செயலாளர்:

நல்ல கேள்வி. பாக்கெட்டில் இருப்பது உங்கள் ஊர் மாட்டுப் பால் அப்படியே இல்லை. ஆவின் நீலப் பாக்கெட் சமன்படுத்திய பால், கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5. பச்சை 4.5. ஆரஞ்சு நிறைகொழுப்பு, கொழுப்பு 6, எஸ்.என்.எஃப். 9. வரும் பாலில் இருந்து கொழுப்பைப் பிரித்து ஒன்றில் குறைத்து ஒன்றில் கூட்டுவார்கள், மிச்சக் கொழுப்பு வெண்ணெயும் நெய்யும் ஆகும். எஸ்.என்.எஃப். போதாவிட்டால் கொழுப்பு நீக்கிய பவுடரைக் கரைத்துச் சேர்க்க வேண்டும், அது செலவு. அதனால்தான் 7.7 வந்தால் அவர்கள் முகம் சுளிப்பது. அதற்கு மேல், மாட்டு மடியில் இருந்து 38 டிகிரியில் வரும் பாலை 4 டிகிரிக்கு இறக்க மின்சாரம், டேங்கர் டீசல், 72 டிகிரியில் 15 விநாடி சுடவைத்துக் குளிர்விப்பது, பாக்கெட் ஃபிலிம், முகவர் கமிஷன். இதில் வீணாவதும் உண்டு, ஊதாரித்தனமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. சங்கம், மாவட்ட ஒன்றியம், மேலே மாநில இணையம் (ஆவின்) என்று மூன்று அடுக்கு. மூன்றுக்கும் சம்பளம் பாலில் இருந்துதான் போக வேண்டும்.

கால்நடை_மருத்துவர்_ஆத்தூர்:

கட்டுத்தரை அக்காவுக்கு மாட்டுப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் 3.4 என்பது மெஷின் தப்பாக மட்டும் இருக்க வேண்டும் என்று இல்லை.

முதல் கேள்வி, கன்றுக்கு எப்போது பால் விடுகிறீர்கள்? நம் பக்கம் பெரும்பாலும் மடி சுரக்கக் கன்றை ஒரு நிமிடம் விட்டு, இழுத்துக் கட்டி, கறந்து முடித்தபின் கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுவார்கள். பாவம், கன்று குடிக்கட்டும் என்று. ஆனால் மடியில் முதலில் வரும் பாலில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். கடைசியில் வரும் பாலில் 6, 7 கூட இருக்கும். கொழுப்பெல்லாம் கன்று வயிற்றில், தண்ணிப் பால் கேனில். கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் போதும், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதை முதலிலேயே விட்டுவிடுங்கள். பிறகு 6, 7 நிமிடத்துக்குள் ஒட்டக் கறந்துவிடுங்கள். சுரப்பு அதற்கு மேல் நிற்காது.

இரண்டாவது, தீவனம். என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆத்தூர், வாழப்பாடி, கெங்கவல்லி என்றால் நான் கேட்காமலே சொல்வேன், ஜவ்வரிசி ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. மலிவாகக் கிடைக்கிறது, மாடும் ஆசையாகத் தின்னும். அதில் இருப்பது மாவுச்சத்துதான், புரதம் கிடையாது. திப்பியையே பெரும்பங்காகப் போட்டால் லிட்டர் குறையாது, எஸ்.என்.எஃப். இறங்கும். சோளத்தட்டு, வைக்கோல் மாதிரி நார் உள்ள உலர்தீவனம் குறைந்தால் கொழுப்பு இறங்கும். ஒரு மாட்டுக்கு உலர்தீவனம் 5, 6 கிலோ, பசுந்தீவனம் 20, 25 கிலோ, அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோவும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. தாது உப்புக் கலவையை மறக்காதீர்கள்.

திப்பி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் பச்சை இலையையும் தோலையும் அப்படியே மாட்டுக்குப் போடாதீர்கள். சயனைடு. வயிறு உப்புவதற்குள் மாடு விழுந்துவிடும். ஒரு தடவை இரவு 11 மணிக்குத் தம்மம்பட்டிப் பக்கம் கூப்பிட்டார்கள், மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நறுக்கி நன்றாக வெயிலில் காயவைத்த பிறகுதான் போட வேண்டும். இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான், பூக்கும் முன் மேய விடாதீர்கள்.

மூன்றாவது, மடிநோய். வெளியே தெரியாத மடிநோய் இருந்தால் எஸ்.என்.எஃப். குறையும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத் தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பில் இருந்தும் கொஞ்சம் பாலைத் தனித்தனியாகப் பீச்சி, அதே அளவு கரைசலை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் கோளாறு. உடனே மருத்துவரைப் பாருங்கள், நீங்களாக ஊசி வாங்கிப் போட வேண்டாம். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் நாள் வரையும் அந்தப் பாலை எங்கேயும் விற்பனைக்கு ஊற்றக் கூடாது.

வாழப்பாடி_கட்டுத்தரை:

டாக்டர் சார், கடைசிப் பாலைத்தான் கன்றுக்கு விடுகிறோம். என் மாமியார், அவர் மாமியார், எல்லாரும் அப்படித்தான். திப்பியும் போடுகிறோம், தினம் இரண்டு கூடை. நாளையில் இருந்து மாற்றிப் பார்க்கிறேன்.

நாகலூர்_மேட்டுக்காடு:

இதைப் படிக்கும்போது உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறதே என்று தோன்றுகிறது. ஏற்காட்டுக்கு மேலே எங்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் ஊரில் மாடு என்பது பெரும்பாலும் எருவுக்கு. காப்பிச் செடிக்கும் மிளகுக்கும் சாணி வேண்டும், அதற்காகவே கட்டுவார்கள். நாட்டு மாடு ஒன்றரை லிட்டர் கறக்கும், பிள்ளைகளுக்கும் டீக்கும் சரியாகிவிடும். நான் இரண்டு கலப்பின மாடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 14 லிட்டர். அதை எங்கே ஊற்றுவது? டவுனில் டீக்கடைக்கும் இரண்டு விடுதிக்கும் நானே வண்டியில் கொண்டு போகிறேன். மே மாதம் கோடை விழா சமயத்தில் இன்னும் கொடு என்று கெஞ்சுவார்கள். ஜூலை மழையில் ஆளே இல்லை, பாலைக் காய்ச்சித் தயிராக்கி அண்டை வீட்டுக்குக் கொடுப்பேன்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்ததே, அப்போது கீழே இருந்து பாக்கெட் பால் வரவில்லை. மலையில் இவ்வளவு மாடு இருந்தும் டவுனில் பால் இல்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேனோடு நடந்து போய் இரண்டு நாள் குழந்தை உள்ள வீடுகளுக்கு ஊற்றினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் எங்களுக்குப் பால் வருகிறது என்று. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் நாலைந்து ஊருக்குச் சேர்த்து ஒரு சின்னக் குளிர்விப்பான், 500 லிட்டர் போதும், வைத்தால் மலையிலேயே கறந்து மலையிலேயே விற்கலாம். புல்லுக்குக் குறைவில்லை. காட்டெருமை வருவது ஒரு தொந்தரவு, மாலையில் மாட்டைப் பத்திக்கொண்டு வர பயமாக இருக்கிறது, அது வேறு கதை.

எடப்பாடி_மணல்மேடு:

அண்ணா, நீங்கள் சொல்வதும் அதைத்தான் காட்டுகிறது. சங்கம் என்று ஒன்று இருந்து என்ன பயன், வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கும் இடத்தில் பணம் தருவதில்லை. 2023 மார்ச்சில் 7 ரூபாய் ஏற்றிக் கேட்டுப் போராட்டம் நடந்தது, பாலை ரோட்டில் கொட்டினோம், நானும் கொட்டினேன். ஏறியதா? வருடக் கடைசியில் 3 ரூபாய். அந்தச் சமயத்தில் தனியார் சங்கத்தைவிடக் கூடக் கொடுத்தார்கள். குஜராத்தில் அமுல் கூட்டுறவு ஜெயித்த மாதிரி இங்கே நடக்காது.

வேன்_ரூட்_12:

நான் தனியாருக்குப் பால் எடுக்கிற ஆள். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு வருடமாக இந்த இழைகளைப் படிக்கிறேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எடப்பாடி தம்பி சொல்வது பாதி உண்மை. 2023 ஆரம்பத்தில் நாங்கள் கூடக் கொடுத்தது நிஜம், ஏனென்றால் அன்றைக்குப் பால் கிடைக்கவில்லை, பவுடருக்கும் வெண்ணெய்க்கும் நல்ல விலை. 2024இல் பவுடர் விலை விழுந்தது. மகாராஷ்டிராவில் விவசாயிக்கு லிட்டருக்கு 5 ரூபாய் அரசு மானியம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது ஞாபகம் இருக்கும். எங்களுக்கு மேலே இருந்து ஒரு குறுஞ்செய்தி வரும், நாளை முதல் 2 ரூபாய் குறைப்பு என்று. அதை நான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கில் டீக்கடை, ஓட்டல் எல்லாம் மூடியதும் இந்த வேளை வேண்டாம், நாளை பார்க்கலாம் என்று எத்தனை வீட்டில் சொன்னேன் தெரியுமா. அந்தப் பாலெல்லாம் சங்கத்துக்குத்தான் போனது. சங்கம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, உறுப்பினர் கொண்டுவந்தால் வாங்கத்தான் வேண்டும்.

அக்கா, முன்பணம் 40,000 வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அதை வாங்கிவிட்டால் கணக்கு முடியும்வரை விலை குறைந்தாலும் வேறு இடத்தில் ஊற்ற முடியாது. அதற்குத்தான் அது கொடுக்கப்படுகிறது. ஃபேட் பார்க்க மாட்டோம் என்பதும் நிரந்தரம் இல்லை. சங்கத்தில் கூட்டம் குறைந்ததும் மெஷின் வரும். அப்புறம் அளவு. சங்கத்தில் எடை போடுகிறார்கள், நாங்கள் ஜாடியில் ஊற்றி அளக்கிறோம். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ, விலை லிட்டருக்கா கிலோவுக்கா என்று முதல் நாளே கேளுங்கள். நுரை வழிய ஊற்றச் சொல்வார்கள். ஒரு வேளைக்கு 100 மில்லி போனாலும் மாதத்தில் 6 லிட்டர்.

நான் இந்த வேலையில் சோறு தின்கிறவன்தான். பணத்தை வாராவாரம் சரியாகக் கொடுக்கிறோம், அதில் எனக்குத் தலைகுனிவு இல்லை. சங்கங்கள் அதை மட்டும் கற்றுக்கொண்டால் எங்கள் வேனுக்குப் பாதி வீடு கிடைக்காது.

பழைய_செயலாளர்:

தம்பி, இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. கடைசி வரி என்னைக் குத்துகிறது, ஏனென்றால் உண்மை.

குஜராத் பேச்சுக்கு ஒரு வார்த்தை. 1946இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் அமுலை ஆரம்பித்தபோது அவர்களிடம் மெஷினும் இல்லை, டேங்கரும் இல்லை. பால்சன் கம்பெனிக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்ற நிலை. 15 நாள் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராக நடந்து சங்கம் அமைத்தார். பின்னாளில் வெண்மைப் புரட்சியை நடத்திய குரியன் 1949இல்தான் அங்குள்ள ஆனந்துக்கு வருகிறார். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை அங்கிருந்த பால் பொறியாளர் தலாயா செய்து காட்டினார். 1964இல் பிரதமர் சாஸ்திரி போய் ஊரில் தங்கிப் பார்த்துவிட்டு வந்தபிறகு 1965இல் தேசியப் பால்வள வாரியம், 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம். நம் மாநிலத்தில் 1958இல் பால்வளத் துறை, 1981இல் மாநிலப் பால் இணையம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. நான் சொல்ல வருவது வேறு. அங்கே முதல் நாளில் இருந்து காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையில் காசு என்ற பழக்கத்தை உயிராக வைத்திருந்தார்கள். சாதி பார்க்காமல் வரிசையில் வந்தபடி ஊற்ற வேண்டும், எல்லார் பாலையும் எல்லார் முன்னாலும் சோதிக்க வேண்டும். இந்த இரண்டும்தான் சங்கம். மற்றதெல்லாம் பிறகு கட்டியது.

2023 மே மாதத்தில் அமுல் கிருஷ்ணகிரியில் குளிர்விப்பு நிலையம் வைத்து நம் பக்கம் பால் எடுப்பதை எதிர்த்து முதல்வர் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவு இன்னொரு கூட்டுறவின் வயலில் இறங்கக்கூடாது என்பது நல்ல மரபு, நானும் அதன் பக்கம்தான். ஆனால் நம் வேலியை நாம் அடைத்து வைத்திருக்க வேண்டாமா?

நைரோபி_ஆத்தூரான்:

ஆத்தூர்தான் சொந்த ஊர், கென்யாவில் 9 வருடமாக வேலை. இங்கே உள்ள கதையைக் கேளுங்கள். கென்யா கோஆப்பரேட்டிவ் கிரீமரிஸ் என்று 1925இல் வெள்ளைக்காரப் பண்ணையார்கள் தொடங்கியது, சுதந்திரத்துக்குப் பிறகு சின்ன விவசாயிகளும் அதற்குத்தான் ஊற்றினார்கள். நாட்டுக்கே அதுதான் பால். 1992இல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். நிர்வாகம் அழுகியிருந்தது, விவசாயிக்குப் பணம் மாதக்கணக்கில் தள்ளிப் போனது. ஜனங்கள் சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. பேசாமல் சைக்கிள்காரனுக்கு ஊற்ற ஆரம்பித்தார்கள். பெரிய பெரிய ஆலைகள் பால் இல்லாமல் நின்றன. 2003இல் அரசு மறுபடி எடுத்து நியூ கே.சி.சி. என்று உயிர் கொடுத்தது. இன்றைக்கும் இங்கே பெரும்பகுதிப் பால் பாக்கெட்டுக்குள் போவதே இல்லை, கேனில் வந்து கேனிலேயே விற்கிறது.

இங்கே கிழவர்களிடம் கேட்டால் விலை குறைவு என்று யாரும் சொல்வதில்லை. "பணம் எப்போது வரும் என்று தெரியவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வாரம் என்று அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

சேலம்_அஸ்தம்பட்டி:

பாக்கெட் வாங்குகிற எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது இத்தனை நாள். நன்றி. நாகலூர் அண்ணா, ஏற்காடு வரும்போது உங்கள் பால் எந்தக் கடையில் கிடைக்கும்?

நாகலூர்_மேட்டுக்காடு:

ஏரிக்குப் போகும் வழியில் எந்தக் கடையில் டீ தண்ணியாக இல்லையோ அங்கே கேளுங்கள்.

வாழப்பாடி_கட்டுத்தரை:

25 நாள் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சினை மாடு வேளைக்கு முன்பே ஈன்றுவிட்டது, கிடேரிக் கன்று, அதோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சார் சொன்னபடி கன்றுக்கு முன்பாலை விட்டு, பின்பாலை ஒட்டக் கறந்தோம். முதல் இரண்டு நாள் கன்று கத்தியது, மாடும் கால் தூக்கியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. திப்பியை இரண்டு கூடையில் இருந்து அரைக் கூடையாகக் குறைத்து, கடலைப் புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் சேர்த்தேன். சோளத்தட்டு மாமா காட்டில் இருந்து கொண்டுவந்தோம். சோப்புத் தூள் சோதனையில் செவலை மாட்டின் பின்பக்க இடது காம்பு திரண்டது. பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது, நல்ல காம்பு மாதிரிதான் இருந்தது. ஐந்து நாள் மருந்து, அந்த நாட்களும் டாக்டர் சொன்ன மிச்ச நாட்களும் அதன் பாலைக் கீழே ஊற்றினேன். மனசு கேட்கவில்லை, ஆனால் ஊற்றினேன்.

பால்மானி ஒன்றும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றும் சேலத்தில் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போகிறேன்.

அப்புறம் சங்கம். நான் தனியாகப் போகவில்லை. ஏழு பெண்கள் போனோம், அதில் இரண்டு பேர் வேனுக்கு மாறியவர்கள், உறுப்பினர் அட்டை இன்னும் இருக்கிறது. மெஷினைத் திருப்புங்கள் என்று கேட்டோம். ஒயர் எட்டாது என்றார். ஒரு ஒயரை நாங்களே வாங்கிக் கொடுத்தோம், 140 ரூபாய். இப்போது எண் எங்கள் பக்கம் தெரிகிறது. முதல் நாள் பெரியம்மா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 4 புள்ளி 3 என்று சத்தமாக வாசித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னுடையது நேற்று காலை 3.9, மாலை 4.4, எஸ்.என்.எஃப். 8.1. விலை 36 சொச்சம் விழுகிறது.

பட்டுவாடா இன்னும் சரியாகவில்லை. ஒரு தவணை வந்தது, மிச்சத் தவணைகள் பாக்கி. ஐயா, இதற்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்?

பழைய_செயலாளர்:

காலையைவிட மாலையில் கொழுப்பு கூடுவது சரிதான், இரவு இடைவெளி நீளம் என்பதால் காலையில் லிட்டர் கூடும், கொழுப்பு குறையும். உங்கள் எண்கள் நம்பும்படி இருக்கின்றன, மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

மாவட்டத்தில் பால்வளத் துணைப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது, சேலம் டவுனிலேயே. உங்கள் பாக்கித் தவணைகளைத் தேதி, லிட்டர், தொகையோடு ஒரு தாளில் எழுதுங்கள், ஏழு பேரும் கையெழுத்துப் போடுங்கள், நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்தின் மகாசபை (உறுப்பினர் பொதுக்கூட்டம்) எப்போது என்று கேளுங்கள். வரவு செலவு அறிக்கையில் உள்ளூர் விற்பனை எவ்வளவு, ஒன்றியத்தில் இருந்து வந்த தேதி எது, உங்களுக்குக் கொடுத்த தேதி எது என்று பார்த்தால் பணம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மேலே நிற்கிறதா, ஊரிலேயே நிற்கிறதா. வாக்களிக்க வருடத்தில் இத்தனை நாள் ஊற்றியிருக்க வேண்டும் என்று துணைவிதியில் இருக்கும், வேனுக்குப் போன அந்த இருவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் போகும் நாளைச் சொன்னால் நானும் ஓமலூரில் இருந்து பஸ் ஏறி வருகிறேன்.

வாழப்பாடி_கட்டுத்தரை:

திங்கட்கிழமை காலை, பால் ஊற்றிவிட்டு 9 மணி பஸ்ஸுக்கு வருகிறோம் ஐயா. ஒன்பது பேர்.